பின்னால், இடது பக்கம்

ஜப்பானின் ஒதாரு ஊரில் பனி கொட்டும் நாட்களில் தெருச்சத்தம் சுத்தமாக அடங்கிவிடும். பழைய ஹெட்போன்களை வாங்கி விற்கும் குவாஹராவுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. மதியச் சாப்பாட்டை முடித்த கையோடு மனைவி சயோரியையும் காலி அட்டைப்பெட்டிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, செத்துப்போன மினெகிஷியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

மினெகிஷியின் தம்பி வாசலிலேயே நின்றான். ஷூவைக் கழற்றவில்லை, உள்ளே வருவதாகவும் இல்லை. சாவியை நீட்டிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"அண்ணன் பாட்டு கேக்கும்போது வீட்ல சத்தம் வரக் கூடாது. வந்தா அவருக்குப் பிடிக்காது."

"இறந்துட்டார்னு சொன்னீங்களே?" என்றாள் சயோரி.

"ஆமா, போன கோடையில. அண்ணி அதுக்கும் முன்னாடி." அவன் பனியையே பார்த்துக்கொண்டிருந்தான். "மாடிப்படியில விழுவாங்க. விழுந்து விழுந்து எழுந்திருச்சாங்க. கடைசியா விழுந்தப்போ எழுந்திருக்கல."

அவன் மேட்டிலிருந்து இறங்கிக் கீழே நின்ற காருக்குப் போய்விட்டான். சயோரி நிமிர்ந்து வீட்டைப் பார்த்தாள். அந்த வீட்டுக்கு மாடியே இல்லை.

அவள் கணவனின் கையைப் பிடித்து, வேண்டாம், திரும்பிவிடலாம் என்றாள். குவாஹரா அதற்குள் ஷூவைக் கழற்றியிருந்தான். உள்ளே இருக்கும் ஹெட்போன் லேசில் சிக்குகிற சரக்கல்ல. நான் கேட்டுப் பார்ப்பதற்குள் நீ மற்றதையெல்லாம் கட்டிவிடு, இருட்டுவதற்குள் போய்விடலாம் என்று சமாதானம் சொன்னான்.

"நான் சொல்றதக் கேக்க மட்டும் உங்களுக்குக் காதே கிடையாது" என்றாள் அவள். ஆனாலும் உள்ளே வந்தாள். அவனைத் தனியே விட அவளுக்கு மனமில்லை.

அறையில் ஒரே ஒரு நாற்காலி, சுவரைப் பார்த்தபடி. பக்கத்து மேஜையில் அந்த ஹெட்போன். ஓபன்-பேக் ரகம்; காதை மூடும் கிண்ணத்தின் வெளிப்பக்கம் அடைப்பில்லாமல் வெறும் கம்பிவலைதான் இருக்கும். அதனால்தான் இசை மண்டைக்குள் அடைபடாமல் சுற்றிலும் விரியும். உள்ளே ஓடுவது வெளியே கசியும். வெளியே நடப்பதும் உள்ளே வரும்.

தலையில் மாட்டினான். கையில் எடுத்தபோது இருந்த கனமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. யாரோ இரண்டு உள்ளங்கையால் தலையை ஏந்திக்கொண்டது போல இருந்தது. கணப்பு மூட்டாத வீடு, மூச்சு புகையாக வருகிறது; வெல்வெட் பஞ்சு மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. நல்ல பஞ்சு என்று நினைத்துக்கொண்டான்.

மேஜைமேலிருந்த பிளேயரைத் தட்டிவிட்டான். ஒரு சின்ன அரங்கில் ஜனங்களுக்கு முன் வாசித்துப் பதிவு செய்த பியானோவும் செல்லோ வாத்தியமும். கண்ணை மூடினான். ஒரு பாட்டை முழுசாகக் கேட்காமல் நடுவில் கழற்றினால் மதிப்பீடு தப்பிவிடும் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பிடிவாதம். அவனுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

பியானோவின் ஒவ்வொரு கட்டையும் தனித்தனியாகத் தெரிந்தது. அப்போது பின்னாலிருந்து பர்ரென்று ஒரு சத்தம். சயோரி பெட்டிக்கு டேப் ஒட்டுகிறாள். மறுபடியும் பர்ர். சனியன், யாராவது அவளை நிறுத்தினால் தேவலை என்று எரிச்சலாக நினைத்தான்.

டேப் சத்தம் நின்றது.

நல்லவேளை என்று சாய்ந்து உட்கார்ந்தான். இசை இன்னும் விரிந்தது. பின்னால், இடது பக்கம், யாரோ கம்பளிச் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார்கள். மேடையில் உதவிக்கு நிற்கிற ஆளாக இருக்கும்.

தொம்மென்று ஏதோ விழுந்தது.

பியானோ முக்காலியோ? எத்தனை ஹெட்போன் மாட்டியிருக்கிறான், எதிலும் தரையின் அதிர்வு இப்படிக் கேட்டதில்லை. டேப் இழுபடுவது போல நீளமாக ஒரு கிழிசல். பிறகு ஒரு பெண்ணின் மூச்சு, மூக்கால் மட்டும், வேகவேகமாக. கூட்டத்தில் யாரோ உருகிப்போய்க் கேட்கிறாள் போல.

மறுபடியும் தொம்.

இந்த முறை ஏதோ முறிந்தது. பச்சைக் கொம்பை ஒடித்த சத்தம், அத்தனை துல்லியம்.

அவன் சிரித்தபடியே தலையாட்டினான்.

தொம்.

தொம்.

கைத்தட்டலோடு பாட்டு முடிந்தது. சொக்கிப்போய் ஹெட்போனைக் கழற்றித் திரும்பினான். "சயோரி, இத நீ கட்டாயம்..."

பெட்டிகளுக்கு நடுவே அவள் கிடந்தாள். வாயைச் சுற்றித் தலையோடு சேர்த்து டேப் வரிந்து வரிந்து சுற்றியிருந்தது. ஒரு கை இருக்கக் கூடாத பக்கமாக மடங்கியிருந்தது. முகம் முகமாக இல்லை. திறந்திருந்த ஒற்றைக் கண் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

அறையில் வேறு யாரும் இல்லை.

பனியில் மேலே ஏறிவந்த அவர்கள் தடங்களையும், வாசல்வரை வந்து திரும்பிய தம்பியின் தடத்தையும் தவிர வேறு தடமில்லை. போலீஸ் குவாஹராவைத்தான் பிடித்து வைத்தது. சயோரி பிழைத்துக் கண் விழித்தாள். யாரையும் பார்க்கவில்லை, ஆனால் அடித்தது என் கணவன் இல்லை, அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை என்று வாக்குமூலம் கொடுத்தாள். அதன் பேரில்தான் அவனை விட்டார்கள்.

அவன் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினான். காலை வெயில் கட்டில்மேல் விழுந்திருந்தது. உடைந்த தாடையை அசைக்காமல் அவள் கேட்டாள்.

"ஏங்க தலையாட்டிக்கிட்டே இருந்தீங்க?"

அவனால் தாங்க முடியவில்லை. காலைப் பிடித்துக் கதறலாம் என்று குனிந்தான். தெரியாது, சத்தியமாகத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தான்.

மெத்தென்று, வெதுவெதுப்பாக, இரண்டு காதுகளின் மேலும் ஏதோ வந்து பொருந்தியது.

கையால் தடவினான். காது மட்டுந்தான் தட்டுப்பட்டது.

சயோரி அவனுக்குப் பின்னால் எதையோ பார்த்தாள். அவள் வாய் தையல் பிரியத் திறந்தது. கழுத்து நரம்பு புடைக்க அவள் அலறிக்கொண்டிருந்தாள்.

அவனுக்குப் பியானோதான் கேட்டது.

வேண்டாம் வேண்டாம் என்று நினைக்க நினைக்க, அவன் தலை மெதுவாக, ரசித்து, ஆட ஆரம்பித்தது.