முறிய வேண்டிய ஆணி

காலை ஆறு மணிக்கு ஒலிபெருக்கி, முந்தைய நாள் முறிந்தவற்றின் பட்டியலை வழக்கம்போல் வாசித்தது. பனிவாரியில் ஆணி மூன்று. சமையற்கூடத்தில் ஆள் ஒன்று. இறங்குதளத்தில் ஆள் ஒன்று. சனிக்கோளின் நிலவான என்சலடசில் குடியேறியிருந்த இருநூற்றுப் பத்துப் பேரும் அதைக் கேட்டபடியே பல் துலக்கினார்கள்.

பராமரிப்புத் தலைவி மதுரவல்லி மட்டும் கையை நிறுத்தினாள். இறங்குதளத்து ஆள் அவளுடைய தம்பி சேந்தன். இந்த மாதத்தில் இது இரண்டாம் முறை. வருத்தத்தைவிட வெட்கமே அவளுக்கு முந்திக்கொண்டு வந்தது.

அந்நிலவின் விரிசல்களிலிருந்து பீறிடும் நீராவி மேலே உறைந்து, சலித்த மாவுபோல ஓயாமல் பொழிந்துகொண்டிருக்கும். அதை வாரித் தொலைவில் எறிவது பனிவாரி. அதன் திருகலகைச் சுழல்தண்டோடு பிணைப்பவை விரல் நீளமுள்ள முறியாணிகள். அவற்றை வேண்டுமென்றே மென்மையான உலோகத்தில் செய்திருந்தார்கள். தன்னால் ஆகாத எதையாவது அலகு கடித்துவிட்டால் ஆணி முறியும்; அலகு நிற்கும்; உள்ளே பற்சக்கரப் பெட்டி பிழைக்கும். பூமியிலிருந்து வந்து சேர ஏழாண்டு பிடிக்கும் பெட்டிக்காகக் காலணாப் பெறாத ஆணி உயிரை விடும்.

இந்த ஏற்பாட்டின் அழகில் மயங்கிய முன்னோடிகள், மனிதருக்கும் அதையே செய்து வைத்தார்கள். ஒவ்வொருவர் பிடரியிலும் அரிசியளவில் ஒரு துயிலாணி பதிந்திருக்கும். உடலின் பாரம் எல்லை மீறும்போது அது முறியும். ஆள் அந்த இடத்திலேயே உறங்கிவிடுவார். மருத்துவக்கூடத்தில் இரண்டு நாள் கிடந்து, புதிய ஆணி பொருத்திக்கொண்டு எழுந்து வரவேண்டும். நோக்கம் நல்லதுதான். ஆனால் ஓராண்டு முறியாதிருந்தவருக்குப் பொது உணவுக்கூடத்தில் பாயசம் வைத்துப் பாராட்டுவது எப்படியோ வழக்கமாகிவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள், "பையனுக்கு எத்தனை தடவை முறிஞ்சிருக்கு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். ஆகவே நெருக்கடிக் காலத்துக்கென்று சட்டத்தில் இருந்த ஒரு சிறு விலக்கு, அதாவது துறைத்தலைவரின் கையெழுத்தோடு மென்மையான ஆணிக்குப் பதில் எஃகு ஆணி பொருத்திக்கொள்வது, எல்லாக் காலத்துக்கும் உரியதாயிற்று.

அன்று காலை மதுரவல்லி தானே இறங்குதளத்துக்குப் போனாள். பனிவாரியில் முறிந்த ஆணித்துண்டுகளைத் தட்டி வெளியேற்றினாள். துளைகளை நேர்படுத்திப் புதிய ஆணிகளைச் செருகினாள். சேந்தனுக்குப் பதிலாக வந்திருந்த ஸ்டெல்லா வண்டியை ஓட்டினாள். பத்தடி போவதற்குள் அவையும் முறிந்தன.

"மேடம், பேசாம எஃகு போல்ட் ஒண்ணு போட்டு இறுக்கிடலாமா? கப்பல் வர நாலு நாள்தான் இருக்கு," என்றாள் ஸ்டெல்லா.

"போடலாமே. பெட்டி நொறுங்குனா, உங்க அப்பா பூமியிலேருந்து தோள்ல தூக்கிட்டு வருவாரா?"

"அவருக்கு முட்டி வலி, மேடம்."

"அப்ப வாயை மூடிக்கிட்டு இறங்கு. ஆணி பொய் சொல்லாது. அடியில எதையோ கடிக்குது. அது என்னன்னு தெரியாம இந்த வண்டி ஓர் அடி நகரக்கூடாது."

மூன்று மணி நேரம் அகழ்ந்து பார்த்தார்கள். தளத்தின் அடியில் ஓடும் வெந்நீர்க் குழாய் கசிந்து, பாறைபோன்ற பனித்தகடு பரவியிருந்தது. மதுரவல்லி அங்கேயே ஆணை எழுதினாள்: குழாயைச் சரிசெய்து முடிக்கும்வரை பனிவாரிக்கு மூன்று நாள் முழு ஓய்வு, யாரும் அதைத் தொடலாகாது. போர்வை ஒன்றை வரவழைத்து எந்திரத்தைத் தன் கையாலேயே மூடினாள்.

மாலையில் மருத்துவக்கூடத்துக்குப் போனாள். சேந்தன் அரைத் தூக்கத்தில் படிவத்தை நீட்டினான். நாற்பத்திரண்டு வயதில் அவன் முகத்தில் அறுபது தெரிந்தது.

"அக்கா, கெட்டியானதா ஒண்ணு போட்டுக்கிறேன். கப்பல் வர்ற நேரத்துல ரெண்டு நாள் படுத்துக் கிடந்தா நல்லாவா இருக்கும்?"

"ஒரே மாசத்துல ரெண்டு தடவை, சேந்தா. நம்ம வீட்டுல யாருக்காவது இப்படி நடந்திருக்கா? உணவுக்கூடத்துல தலை நிமிர முடியலை."

"தூக்கமே வரமாட்டேங்குதுக்கா. அதான் போல."

"எல்லாருக்கும்தான் வரலை. வண்டியை நிறுத்தியாச்சு. தளத்து விளிம்பையாவது நாளைக்குக் கடப்பாரையால சுத்தம் பண்ணணும்."

"நான் பாத்துக்கிறேன். நீங்க கையெழுத்தைப் போடுங்க."

மருத்துவர் ஜெரினா இடைமறித்தாள். "ரெண்டு நாள் ஓய்வு முடியட்டுமே, மேடம். எதனால முறியுதுன்னு ஒரு தடவை பாத்துடலாம்."

"கப்பல் போகட்டும், டாக்டர். பிறகு நிதானமாப் பாக்கலாம்," என்று சொல்லி மதுரவல்லி கையெழுத்திட்டாள். அதற்கு அவளுக்கு மூன்று விநாடிகூடத் தேவைப்படவில்லை. எந்திரத்துக்காக அகழ்ந்த மூன்று மணி நேரம் அப்போது அவள் நினைவுக்கு வரவேயில்லை. பின்னர் வாழ்நாள் முழுவதும் வந்தது.

இரண்டாம் நாள் முற்பகலில் அது நடந்தது. அந்நிலவில் ஈர்ப்பு மிகக் குறைவு. யாரும் சட்டென்று விழுவதில்லை. காப்புக் கயிறும் பிடித்திருந்ததால், கடப்பாரையை ஓங்கிய நிலையிலேயே சேந்தன் நின்றுகொண்டிருந்தான். அவன் வேலை செய்கிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பதினொரு நிமிடம் கழித்துத்தான் ஸ்டெல்லா அருகே போய்ப் பார்த்தாள். அவனுக்கு நாலடி தள்ளிப் போர்வைக்குள் பனிவாரி ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது.

"உயிர் இருக்கு," என்றாள் ஜெரினா. "ஆனா இதயத்துல பாதி செத்துப்போச்சு. இனிமே எழுந்து நடமாட முடியாது. மாத்திப் பொருத்த என்கிட்ட எதுவும் இல்லை, மேடம்." அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் மதுரவல்லிக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று மாலை சேந்தன் கண் விழித்தான். அக்காவை அடையாளம் கண்டு, உதட்டை மெல்ல அசைத்தான்.

"வாரி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குடா. ஓய்வுல இருக்கு."

"அதை அவசரப்படுத்திடாதீங்கக்கா," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

மதுரவல்லி அவன் கையைப் பிடித்தபடி அமர்ந்திருந்தாள். அவன் எதைக் கடித்து முறிந்தான்? இரண்டு முறை முறிந்தபோதும் அவள் அதைக் கேட்கவில்லை. மனைவி பூமிக்குத் திரும்பிப் போனதிலிருந்து அவன் இரவில் என்ன செய்தான்? யாரோடு பேசினான்? குழாயின் கசிவை ஓர் அங்குலம் பிசகாமல் வரைபடத்தில் குறித்தவளுக்கு, தம்பியைப் பற்றிக் குறிக்க ஒரு வரிகூட இல்லை. தான் கேட்காததைக் குடியிருப்பில் எல்லாரும் இனியாவது கேட்பார்கள் என்று ஒரு நம்பிக்கை மட்டும் அவளுக்கு மிஞ்சியிருந்தது.

காலையில் அவள் வெளியே வந்தபோது மருத்துவக்கூட வாசலில் இருபது பேருக்கு மேல் வரிசையில் நின்றார்கள். செய்தி பரவிவிட்டது. பயந்துவிட்டார்கள், எஃகு ஆணிகளை எடுத்துவிடச் சொல்லி வந்திருக்கிறார்கள். சேந்தன் விழுந்ததற்கு அவ்வளவாவது பயன் விளைந்ததே என்று எண்ணியபோதுதான் அவள் கண் முதன்முதலாகக் கலங்கியது.

வரிசையின் தலைப்பில் ஸ்டெல்லா நின்றாள்.

"எடுக்கத்தானே வந்தீங்க?" என்று கேட்டாள் மதுரவல்லி.

"எடுக்கவா?" ஸ்டெல்லா திகைத்தாள். "அண்ணன் படுத்துட்டாரு. வண்டியும் நாளை வரைக்கும் ஓடாது, உங்க ஆணை. அவர் வேலையையும் நாங்கதானே இழுக்கணும், மேடம்? அதான் எல்லாரும் கெட்டியானதாப் போட்டுக்கலாம்னு வந்தோம். அண்ணனுக்காக." அவள் குரல் தழுதழுத்தது. அது உண்மையான அன்பு.

"ஸ்டெல்லா, நீ கடைசியா எப்ப தூங்குன?"

"கப்பல் போகட்டும், மேடம். பிறகு நிதானமாத் தூங்கலாம்."

இருபது கைகள் இருபது படிவங்களை நீட்டின. மதுரவல்லி முதல் படிவத்தை வாங்கினாள். திருப்பிக் கொடுப்பதற்கு அதில் ஒரு பிழையாவது அகப்படாதா என்று முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தாள். பிறகு, மீண்டும் முதல் வரியிலிருந்து வாசித்தாள்.

பிழையே இல்லை.