இடதுகை முடிச்சு

நாங்கள் வலப்பக்கம் கோத்த கயிறு, மறுநாள் இடப்பக்கம் இருந்தது. கொட்டகையோ பூட்டியபடியே இருந்தது!

மாமா எங்களுக்குப் பழைய பந்தயப் படகு ஒன்றை, அது நின்ற கொட்டகையோடு வாங்கிக் கொடுத்திருந்தார். பாய் கட்டிய சின்னப் படகு, இரண்டு பேர் ஓட்டுவது. இற்றுப்போன கயிறுகளை உருவிப் போட்டுவிட்டு, நானும் அண்ணனும் புதுக் கயிறு கோத்துக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை பந்தயம்.

"நீதானே மாத்தின?" என்றான் அண்ணன்.

"ஆமா, எனக்கு வேற வேலை இல்ல பாரு!"

பாயை இழுத்துப் பிடிக்கும் அந்தக் கயிற்றை மறுபடி வலப்பக்கக் கப்பியில் கோத்தோம். அடுத்த நாளும் அது இடப்பக்கக் கப்பிக்குப் போயிருந்தது. நுனியில் ஒரு முடிச்சு வேறு. நாங்கள் போடும் முடிச்சுதான், ஆனால் கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பியிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், மறந்து வைத்த கத்தியை எடுக்கக் கொட்டகைக்குப் போன அண்ணன் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தான்.

"பேய்! வெள்ளையா படகுகிட்ட நிக்குது! நான் இனி அதுல ஏறவே மாட்டேன், ஆளை விடு!"

தன்னைக் கேப்டன் என்று சொல்லித் திரிந்தவன் இவன்தான். ஒருத்தியாகப் போனால் பந்தயத்தில் சேர்க்கவே மாட்டார்கள். எனக்கு அழுகையும் கோபமும் முட்டிக்கொண்டு வந்தன.

வீட்டில் ஒரு கயிற்றை எடுத்து அந்த முடிச்சைப் போட்டுப் பார்த்தேன். வரவில்லை. இடது கையால் போட்டேன். அச்சு அசலாக வந்தது! பேய்க்கு இடதுகைப் பழக்கமெல்லாம் இருக்குமா என்ன?

சனிக்கிழமை மாலை தனியாகப் போனேன். பனிமூட்டம் கொட்டகையை மூடியிருந்தது. பூட்டு திறந்து தொங்கியது. உள்ளே துளிக் காற்று இல்லை. ஆனாலும் பாய்மரத்தில் கயிறு 'டக்... டக்...' என்று தட்டிக்கொண்டிருந்தது.

பாய்மரத்துக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ அசைந்தது. அங்கிருந்து ஒரு கை மட்டும் மெதுவாக நீண்டது. இடது கை.

கதவுப் பக்கமாக ஒரு அடி பின்வாங்கினேன்.

"அந்த... அந்த முடிச்சு ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். வேறென்ன சொல்வது?

கை அப்படியே நின்றது. "நிஜமாவா?" என்றது ஒரு குரல்.

வெள்ளை மழைக்கோட்டுக்குள்ளிருந்து என் வயதுப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"இது எங்க படகு. வித்துட்டோம். கொட்டகையோட பழைய சாவி ஒண்ணு மட்டும் என்கிட்ட தங்கிடுச்சு. கோவிச்சுக்காத, வலப்பக்கக் கப்பியில விரிசல் இருக்கு. காத்து பலமா அடிச்சா கயித்தை அறுத்துடும்."

தடவிப் பார்த்தேன். விரிசலில் என் நகம் மாட்டியது.

"இதை வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?"

"முதல்ல வெக்கமா இருந்துச்சு. நேத்து சொல்லத்தான் வந்தேன். உங்க அண்ணன் அலறிட்டு ஓடிட்டாரு." கோட்டுக்குள்ளிருந்து ஒரு செருப்பை எடுத்து நீட்டினாள்.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. படகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கு ஜெயிச்சா, எனக்காக இதை ஒரு தட்டு தட்டிக்கொடு" என்று சாவியையும் நீட்டினாள்.

நான் செருப்பை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

"நீயே தட்டிக்கொடு. எனக்கு ஒரு ஆள் வேணும்."

ஞாயிற்றுக்கிழமை நல்ல காற்று. தண்ணீர்மேல் இன்னும் லேசான மூட்டம். கரையில் நின்ற அண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு கத்தினான்: "உன்கூட யாருடி அது, வெள்ளையா?"

"பேய்தான்!" என்று நானும் கத்தினேன்.

இடப்பக்கக் கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி, என் பேய் விழுந்து விழுந்து சிரித்தது.