புகைக்கூண்டில் விட்ட கயிறு

கொத்தமங்கலத்தில் நாச்சியம்மை ஆச்சி தன் வீட்டைத் திறந்தால் கல்யாணம், இல்லையென்றால் கருமாதி. மற்ற நாளெல்லாம் அங்கே எலியும் புறாவும்தான் பங்காளிகள். தொண்ணூற்று நான்கு தை மாதம், மகள் கல்யாணத்துக்காகச் சமையலறைப் புகைக்கூண்டைச் சுத்தம் செய்யக் கூப்பிட்டு அனுப்பினார். நான் மறுத்திருக்க வேண்டும். கல்லலிலிருந்து காலை பஸ்ஸில் நானும் என் மனைவி ஞானபூரணியும் போய் இறங்கினோம்.

ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மாடியிலிருந்து கூண்டுக்குள் இறங்கிக் கரியைச் சுரண்டுவார். மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். உள்ளே இருப்பவர் கயிற்றை இரண்டு முறை சுண்டி இழுத்தால் தூக்கிவிட வேண்டும். முன்பு இறங்கியவன் என் கூட்டாளி கருத்தையா. ஆறு வருஷத்துக்கு முன்னால், இதே கூண்டில், புறாக்கூடு சரிந்து மூச்சடைத்துச் செத்தான். இழுப்பதற்குள் முடிந்துவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். உண்மையில் கயிற்றைக் கைப்பிடிச்சுவரில் கட்டிவிட்டு மோர் குடிக்கப் போயிருந்தேன். பூரணியைக் கட்டியது அதற்குப் பிறகுதான். அவளுக்கு அவனைத் தெரியாது, நான் செய்ததும் தெரியாது.

இறங்க ஆள் கிடைக்கவில்லை. நான் இறங்கினால் என் கனத்தைப் பூரணியால் பிடிக்க முடியாது. அவள் சேலையை இழுத்துச் செருகினாள்.

"நானே இறங்குறேன். நீங்கதான் பிடிச்சிருக்கீகளே."

பாதி ஆழம் போயிருப்பாள். நல்ல நேரம் தவறிவிடும் என்று கீழே ஆச்சி பக்கத்து அடுப்பில் பால் காய்ச்ச விறகு வைத்துவிட்டார். இரண்டு அடுப்பின் புகையும் உள்ளே ஒன்றாகச் சேரும் என்பது எனக்கே தெரியாது.

கூண்டின் வாயிலிருந்து புகை வந்தது.

கயிறு இரண்டு முறை சுண்டியது.

இழுத்தேன். வரவில்லை. எங்கோ சிக்கிக்கொண்டாள். "ஆச்சி, அடுப்ப அணைங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அந்த நீள வீட்டில் மாடிச் சத்தம் யாருக்குக் கேட்கும்? ஓடிப்போய் நானே அணைக்கலாம். ஆனால் கயிற்றை விட்டால்தான் ஓட முடியும். மாதாவே, இவளையும் எடுத்துக்கொள்ளாதே என்று அழுதேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. உள்ளே இருமல் குறைந்துகொண்டே வந்தது.

பிறகு இருமலே இல்லை.

திடீரென்று கயிறு லேசானது. கீழிருந்து யாரோ ஏந்திக் கொடுப்பதுபோல் பூரணி மேலே வந்தாள். இழுத்துத் தளத்தில் போட்டேன். நெடுநேரம் இருமினாள்.

"உள்ள இன்னொருத்தர் இருக்காருங்க" என்றாள். "தோள்ல வச்சு ஏத்திவிட்டாரு. 'நீங்க போங்க மதினி, அண்ணன் எனக்கும் கயிறு விடுவாரு'ன்னு சொன்னாரு."

நான் தடுப்பதற்குள் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து உள்ளே விட்டாள்.

சிறிது நேரம் ஒன்றுமில்லை.

இரண்டு முறை சுண்டியது.

"விட்டுரு பூரணி. வா, போயிருவோம்."

"மூச்சு முட்டிக் கெடக்காருங்க. இழுங்க."

"அவன் செத்து ஆறு வருசமாச்சு. கயித்தக் கட்டிட்டு நான்தான் போயிட்டேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையைத் தாங்க முடியவில்லை. திரும்பிக் கயிற்றைப் பிடித்தாள். அவள் தனியாக இழுப்பதைப் பார்த்து நானும் பிடித்தேன். ஒரு முழு ஆளின் கனம். முழம் முழமாக வந்தது.

கயிற்றின் முனை மேலே வந்தது. இடுப்பைச் சுற்றிக் கட்டியதுபோல் ஒரு வளையம். அதற்குள் ஒன்றுமில்லை. கூண்டின் விளிம்பைத் தாண்டியும் அது கீழே விழவில்லை. தளத்துக்கு மேலே, இடுப்பு உயரத்தில் நின்று, விரிந்து விரிந்து சுருங்கியது.

பூரணி அதற்குச் சற்று மேலே, வெறும் காற்றில், முதுகைத் தடவுவதுபோல் கையை ஓட்டினாள்.

"மெதுவா மூச்சு விடுங்க தம்பி" என்றாள்.