பன்னிரண்டு தகடுகள்

எண்ணூற்றைம்பது டிகிரியில் வெந்து ஆறிய தகட்டில் ஈரம் இருக்க வழியில்லை. ஆனால் ஆனி அடுப்பைத் திறந்து இடுக்கியால் எடுத்து வைத்த முதல் தகட்டின் நடுவில், கண்ணாடியருகே யாரோ வாயை வைத்து ஊதியதுபோல ஒரு மங்கல் வட்டம் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஓரங்களிலிருந்து சுருங்கி மறைந்தது. பிறகு மறுபடியும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. ஊரிகம் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அந்தத் தகர ஷெட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. வெளியே, மூடிய தங்கச் சுரங்கத்தின் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து கிளம்பிய காற்று கூரையில் மணலை இழுத்துக்கொண்டு போனது. உள்ளே சுட்ட மண்ணின் வாசனையோடு, காய்ச்சல்காரர் படுத்த போர்வையின் வாசனையும் லேசாகக் கலந்திருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

கண்ணாடித் தூளையும், மைதாவைவிட நைசான சிலிக்காத் தூளையும் குழைத்து, அப்பளத்தைவிட மெல்லிசாகப் பரப்பி, வெட்டி, அடுக்கி, அழுத்திச் சுட்ட தகடுகள் அவை. அவற்றின்மேல்தான் ரேடார்களுக்கும் செல்போன் கோபுரங்களுக்கும் வேண்டிய சர்க்யூட்டுகள் அமரும். ஒரு முனையில் வாங்கிய சிக்னலை வழியில் குடித்துவிடாமல் மறுமுனையில் விட வேண்டும். எல்லாப் பொருளும் கொஞ்சம் குடிக்கும். ஈரம் பட்டது நிறையக் குடிக்கும். அந்தக் கொஞ்சத்தைக் குறைப்பதிலேயே ஆனிக்கு நான்கு வருடம் போயிருந்தது. நாளைக் காலையில் பெங்களூரிலிருந்து தகடு வாங்கும் கம்பெனி ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் இந்த ஷெட் நிலைக்கும். பிடிக்காவிட்டால் மறுபடியும் இருட்டோடு எழுந்து ரயிலைப் பிடித்து, பெங்களூருக்கு நின்றுகொண்டே போகும் பிழைப்பு. பதினோரு வருடம் அப்படிப் போனவள் அவள்.

தகட்டைக் கருவியில் வைத்து அளந்தாள். இழப்பு, இதுவரை கிடைத்ததில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மறுபடி அளந்தாள். அதே எண். இந்தத் தகடு எதையும் தொலைப்பதில்லை. உள்ளே போனது எல்லாம் உள்ளேயே பத்திரமாக இருக்கிறது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நகத்தால் தகட்டைத் தட்டிப் பார்த்தாள். விரிசல் இல்லாத தகடு டிங் என்று பாடும். இது பாடவில்லை. டாக்டர் முதுகில் விரல் வைத்துத் தட்டும்போது கேட்குமே, அந்தச் சத்தம்.

காலையில் சர்ச் வாசலில் ஜெனிட்டா அவளைப் பிடித்துக்கொண்டாள். ஷெட்டில் வேலை செய்து, இப்போது நோயில் படுத்திருக்கும் ஞானசுந்தரியின் மகள்.

“இன்னா ஆன்ட்டி, லெட்டர் எய்தினீங்களா? அம்மா இன்னா வேலை செய்றாங்கன்னு டாக்டரு கேட்டுக்கினே கீறாரு. தூசியில வேலைன்னா ஒரு மருந்தாம், டி.பி.ன்னா வேற மருந்தாம்.”

ஆனி பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். ஜெனிட்டா அங்கேயே பிரித்துப் படித்தாள்.

“பேக்கிங் வேலையா?”

“ஆமா, பேக்கிங்தான்.”

“வூட்டுக்கு வரும்போது தலையெல்லாம் வெள்ளையா வருவாங்களே ஆன்ட்டி.”

“அட்டைப்பெட்டி தூசி, ஜெனிட்டா.”

அந்தப் பெண் கடிதத்தை நான்காக மடித்துக்கொண்டு போனாள்.

தூசியை உறிஞ்சும் ஃபேன் மூன்று மாதத்துக்கு முன் எரிந்துபோனது. புதியது வந்து மாட்ட மூன்று வாரம் வேலையை நிறுத்த வேண்டியிருக்கும். ஆனி நிறுத்தவில்லை. முகத்தில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு ஞானசுந்தரி சிலிக்காவைச் சலித்தாள், மூன்று மாதமும். “பவுடர் பூசாமலே வெள்ளைக்காரி ஆயிட்டேன் ஆனிம்மா, லண்டன்ல எதுனா மாப்ள இருந்தா சொல்லு” என்று சிரிப்பாள். சிரிப்பு இருமலில் போய் முடியும். தூசி என்று எழுதிக் கொடுத்தால் ஆபீசர்கள் வருவார்கள், சீல் வைப்பார்கள். நாளை ஒரு நாள் தாண்டட்டும் என்றுதான் அப்படி எழுதினாள். அப்பா கிளமெண்டுக்கும் ஒரு டாக்டர் அப்படித்தான் எழுதினார். சுரங்கத்தில் பதினெட்டு வருடம் பாறைத் தூசியைத் தின்றவருக்கு, டி.பி. என்று. அந்த எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து அந்த டாக்டரை வாய்க்கு வந்தபடி சபித்தபோது ஆனிக்கு வயது பதினாறு. சாபத்தின் ஒவ்வொரு வார்த்தையும் இன்னும் ஞாபகம் இருந்தது.

தகடுகளில் ஊசித்துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விளக்குப் பெட்டியைப் போட்டாள். வெள்ளைக் கண்ணாடியின் கீழிருந்து வெளிச்சம் எழுந்தது. அடுப்பில் இருந்த வரிசைப்படியே அடுக்குவது வழக்கம்: நான்கு வரிசை, வரிசைக்கு மூன்று. ஒன்று, இரண்டு, மூன்று. தகடுகளுக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ ஓடியது. கலவை சரியாகக் கலக்கவில்லை போலும். ஆறு, ஏழு. சாம்பல் ஒரு தகட்டிலிருந்து அடுத்ததற்கு, விடுபடாமல், வளைந்து தொடர்ந்தது. பத்து. பதினொன்று.

பன்னிரண்டாவதை வைத்தாள்.

விலா எலும்புகள்.

இரண்டு பக்கமும் படிப்படியாக இறங்கும் எலும்புகள். அவற்றுக்குப் பின்னால் இரண்டு நுரையீரல்கள், பனி கொட்டியதுபோல் வெள்ளைப் புள்ளிகளோடு. அப்பாவுடையதா? இல்லை. அப்பாவுக்கு இடது பக்கம் ஒரு எலும்பு உடைந்து கோணலாகச் சேர்ந்திருக்கும். இது சிறிய கூடு. ஒரு பெண்ணின் கூடு. கழுத்தெலும்புக்குக் கீழே மெல்லிய சங்கிலி. அதில் இரண்டு சேஃப்டி பின்கள்.

ஞானசுந்தரியின் தாலிச் சங்கிலியில் எப்போதும் இரண்டு சேஃப்டி பின்கள் தொங்கும். சல்லடைத் துணி கிழிந்தால் அதில் ஒன்றைத்தான் கழற்றிக் குத்துவாள்.

எலும்புகள் விரிந்தன.

மெதுவாக. சுருங்கின. பன்னிரண்டு தகடுகளிலும் ஒரே சமயத்தில் மங்கல் படர்ந்து விலகியது. ஆனி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கடிதத்தை மாற்றி எழுதிவிடலாம். இப்போதே. பேனா மேசையில்தான் இருந்தது. எழுதினால் நாளை இல்லை. விரல்கள் பேனாவைத் தொட்டன. எடுக்கவில்லை.

எலும்புகள் விரிந்தன. நின்றன. வெகு நேரம் கழித்துச் சுருங்கின.

மறுபடி விரிய அவள் காத்திருந்தாள்.

காத்திருந்தாள்.

தகடுகள் காய்ந்து கிடந்தன. ஈரமே இல்லை.

போன் அடித்தது. திரையில் ஜெனிட்டா என்று வந்தது. அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ஓய்ந்தது.

அந்த அமைதியில்தான் இன்னொன்று கேட்டது. இரண்டாவது அடுப்பிலிருந்து. மூடிய கதவுக்குள்ளிருந்து. மெல்லிய விசில், நெஞ்சுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டு இழுப்பதுபோல.

அந்த அடுப்பில் இருந்தது வியாழக்கிழமைச் சரக்கு. அன்று ஞானசுந்தரியால் எழுந்திருக்க முடியவில்லை. அவளுடைய துண்டையே நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு, ஆனிதான் சலித்தாள். இரண்டு மாதமாகவே, ஞானசுந்தரி இருமி உட்கார்ந்த நேரமெல்லாம், ஆனிதான் சலித்தாள்.

நன்றாகக் கேட்பதற்காக மூச்சை அடக்கினாள்.

அடுப்புக்குள் விசில் நின்றது.

அவளால் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியும்? கண்கள் இருட்டின. வாயைத் திறந்து மூச்சை இழுத்தாள்.

உள்ளே, அதுவும் இழுத்தது.