வெட்டி எறிந்த இருமல்கள்

ஒலிப்பதிவாளர் அந்த வீட்டின் மாடிப்படி ஏறியபோது மகளின் எக்ஸ்ரே படத்தை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். கதவைத் திறந்த பெரியவர் அவளை உட்காரச் சொல்லும் முன்னே போய் இரண்டு ஜன்னல்களையும் அகலத் திறந்தார். முப்பது வருடம் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்தவர். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் காரியம் அதுதான் என்பதால் ஊரில் அவருக்கு ஜன்னல்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும், நோய் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் தவிப்பவர்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

"என் பொண்ணுக்கு ஏழு வயசு சார். டி.பி.ன்னு சொல்லிட்டாங்க."

மூலையில் நோட்டும் பேனாவுமாகத் தயாராக உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்தாள். அவள் ஜன்னல்காரரின் மச்சினி. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். அத்தானோடு அலைவது அவள் ஆசை.

"மாத்திரை ஆரம்பிச்சாச்சா?" என்றார் ஜன்னல்காரர்.

"ஆரம்பிச்சாச்சு. ஆறு மாசத்துல சரியாயிடும்னு டாக்டர் சொன்னார்."

"கண்டிப்பா சரியாயிடும். மீதியைச் சொல்லுங்கம்மா."

அவளும் அவள் அண்ணனும் சேர்ந்து டப்பிங் கூடம் நடத்தினார்கள். அண்ணன் குரல் கொடுப்பவர். கதாநாயகன் என்றாலே அவர் குரல்தான். அவள் பதிவு செய்து, வெட்டி ஒட்டிச் சீராக்குபவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்குப் பதினோரு வயது. அன்றிலிருந்து தாயும் தகப்பனுமாக இருந்தது அண்ணன்தான். கடந்த இரண்டு மாதத்தில் கூடத்தில் மூன்று பேருக்குக் காசநோய். குழந்தைக் குரல் பேசும் பெண் ஒருத்தி. எல்லோரும் 'சுட்டி' என்று கூப்பிடுவார்கள். முரட்டுக் குரல் பேசும் 'வில்லன்' ஒருவர். மூன்றாவது அவள் மகள். பள்ளி விடுமுறையில் இரண்டு வாரம் ஒரு சிறுமி பாத்திரத்துக்கு வந்து பேசிவிட்டுப் போனாள்.

"யாருகிட்டேருந்து வந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியும் சார். கூட்டித் துடைச்சு, கப் கழுவுற ஆயாம்மா இருமிக்கிட்டே இருந்தாங்க. அண்ணன்தான் முதல்ல கவனிச்சார். வேலையை விட்டு அனுப்பிட்டோம்."

"தெரிஞ்சுபோச்சுன்னா இங்க எதுக்கு வந்தீங்க?"

அவள் எக்ஸ்ரே படத்தின் ஓரத்தை விரலால் நீவினாள். "சாவியை மேசை மேல வச்சுட்டு, 'நல்லாத் தேடிப் பாருங்கம்மா'ன்னு சொல்லிட்டுப் போனாங்க. அழவும் இல்ல, சண்டை போடவும் இல்ல. அது என் மனசை அறுத்துக்கிட்டே இருக்கு."

மறுநாள் காலை ஜன்னல்காரர் கூடத்துக்கு வந்தார். வெளியே பாதிச் சுவர் கண்ணாடியாக இருந்த கட்டுப்பாட்டு அறையில் அவளும் இரண்டு உதவியாளர்களும் உட்காருவார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குரல் அறை. சுவர் முழுக்கப் பஞ்சு, இரட்டைக் கதவு, நடுவில் ஒரே ஒரு மைக். வெளிச் சத்தம் ஒரு துளியும் நுழையக் கூடாது என்று கட்டியது. ஜன்னல்காரர் நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். திறப்பதற்கு ஒரு ஜன்னல்கூட இல்லை. பையிலிருந்து மெல்லிய காகிதத் துண்டைக் கிழித்து ஏ.சி.யின் வாயில் காட்டினார். அது படபடத்தது. இரட்டைக் கதவின் இடுக்கில் காட்டினார். அது அசையவே இல்லை.

"இந்த ஏ.சி. வெளிக்காத்தை எடுக்காதாம்மா?"

"எடுக்காது சார். உள்ள இருக்கிற காத்தையே குளிர வச்சு உள்ளயே விடும். எங்க அறைக்குத் தனி ஏ.சி."

"உங்க அறையில இருக்கிற மூணு பேருக்கும் பரிசோதனை பண்ணியாச்சா?"

"பண்ணியாச்சு. எங்களுக்கு ஒண்ணும் இல்ல."

"உங்க கப்பையும் ஆயாம்மாதானே கழுவினாங்க?"

"ஆமாம்." அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று அவளுக்கு அப்போது புரியவில்லை.

அண்ணன் வந்தார். ஆள் மெலிந்திருந்தாலும் குரல் கம்பீரமாகவே இருந்தது. வந்ததும் தங்கையிடம்தான் பேசினார். "பாப்பாவுக்கு மாத்திரை காலையில வெறும் வயித்துலதானே குடுக்கிற? முதல் ஒரு வாரம் குமட்டும், வாயெல்லாம் இரும்பு மாதிரி இருக்கும். பயந்துடாத. அப்புறம் பழகிடும்." பிறகு ஜன்னல்காரரைப் பார்த்துக் கைகூப்பினார். "எல்லாரையும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன் சார். நானும் எடுத்துட்டேன். சுத்தமா இருக்கு."

மருமகள் மேல் இவ்வளவு பாசமா என்று அவளுக்குக் கண் கலங்கியது.

மாலையில் மச்சினியின் காரில் மூவரும் ஆயாம்மாவின் வீட்டுக்குப் போனார்கள். குறுகலான தெரு, ஒட்டி ஒட்டி வீடுகள். ஆயாம்மா வாசலுக்கு வந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"உள்ள வந்தீங்கன்னா உங்களுக்கும் ஒட்டிக்கும்னு தெருவுல சொல்லுவாங்க. நேத்துக்கூடத் தண்ணிக் குழாய்ல என் குடத்தைத் தள்ளி வச்சாங்க. கூடத்திலேருந்து அனுப்பினது ஊருக்கே தெரிஞ்சுபோச்சு."

"சளிப் பரிசோதனை பண்ணினாங்களா?" என்றார் ஜன்னல்காரர்.

"யாரு பண்ணச் சொன்னா? நானேதான் போய்ப் பண்ணிக்கிட்டேன். எக்ஸ்ரேவும் எடுத்தாச்சு." இடுப்பில் செருகியிருந்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். மடித்து மடித்து அது நைந்திருந்தது. யாராவது கேட்பார்கள் என்று கூடவே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கிருமி இல்லை என்று தெளிவாக எழுதியிருந்தது. "போன மாசம் சுவருக்குப் பெயின்ட் அடிச்சாங்க. அந்த நெடியில வந்த இருமல். இப்ப நின்னுபோச்சு."

"பாப்பா பேச வந்தப்ப நீங்க கப் எடுத்துக் குடுத்தீங்களா?"

"நான் எங்க குடுத்தேன்? அந்த ரெண்டு வாரமும் தங்கச்சி பிரசவத்துக்குப் போயிட்டேனே. பாப்பாவை நான் பாக்கவே இல்ல."

ஒலிப்பதிவாளருக்கு முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. அந்த இரண்டு வாரமும் கப்புகளைத் தானே கழுவியது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"உங்களுக்கு யார் மேலயாவது கோவம் இருந்துச்சா?" என்று மச்சினி ஆவலாகக் கேட்டாள்.

"கோவம் என்ன கோவம். கலைஞர் அறைக் கழிவறையைக் கழுவுறதுதான் ரோதனை. ஒரு ரெண்டு மாசம் யாரோ சாயத்தைக் கரைச்சு ஊத்தின மாதிரி ஆரஞ்சு ஆரஞ்சா இருந்துச்சு. இந்த வருஷத்தோட மூணாவது மாசம், நாலாவது மாசம். அப்புறம் தானா நின்னுபோச்சு."

ஜன்னல்காரர் தலையை மட்டும் ஆட்டினார். காரில் ஏறியதும் ஒலிப்பதிவாளரிடம் கேட்டார். "பதிவுல யாராவது இருமினா என்னம்மா பண்ணுவீங்க?"

"வெட்டிடுவேன். அதுதான் என் வேலை."

"வெட்டின துண்டு எங்க போகும்?"

"ஒரு ஃபோல்டர்ல கிடக்கும். அழிக்கிறதில்ல. தேதியோட இருக்கும்."

அடுத்த நாள் முழுவதும் மூவரும் இருமல் கேட்டார்கள். அந்த வருடத்தின் முதல் நாளிலிருந்து தொடங்கினார்கள். செருமல், தும்மல், தாள் புரளும் ஓசை, சிரிப்பு. யார் சத்தம் எது என்று கண்ணை மூடிக்கொண்டு அவளால் சொல்ல முடியும். மச்சினி கோடு போட்டுக்கொண்டே வந்தாள். முதல் இரண்டு மாதமும் ஒரே ஆளின் இருமல் திரும்பத் திரும்ப வந்தது. மூன்றாவது மாதத்தில் குறைந்து, நாலாவதில் அறவே இல்லை. ஐந்தாவதில் மறுபடி தலைகாட்டி, ஆறாவதில் வசனத்துக்கு வசனம் வந்தது. நாள்கணக்காகத் தானே வெட்டிப் போட்ட துண்டுகள்தான். 'தொண்டை கட்டிக்கிச்சும்மா, வெட்டிடு' என்று அவர் சொன்னபோதெல்லாம் மறுபேச்சுப் பேசாமல் வெட்டினாள்.

மச்சினி கோடுகளை எண்ணிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள். யாருடைய இருமல் என்று அவள் கேட்கவில்லை. ஒலிப்பதிவாளர் காதிலிருந்து கருவியைக் கழற்றினாள்.

அடுத்த நாள் காலை எல்லோரையும் முற்றத்தில் கூடச் சொன்னார் ஜன்னல்காரர். சுட்டியும் வில்லனும் முகக்கவசம் போட்டு வந்திருந்தார்கள். ஆயாம்மா தள்ளி நின்றாள். அண்ணன் தங்கைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"டி.பி. கப்புல ஒட்டாது, துணியில ஒட்டாது," என்று ஜன்னல்காரர் நிதானமாக ஆரம்பித்தார். "இருமும்போதும் பேசும்போதும் வாயிலேருந்து கண்ணுக்குத் தெரியாத துளி வரும். அது காஞ்சு இத்தனூண்டாகி, காத்துல மணிக்கணக்கா மிதக்கும். ஜன்னல் இருந்தா வெளியே போயிடும். இந்தக் குரல் அறையில அதுக்குப் போக வழியே இல்ல. நோய் வந்த மூணு பேரும் உள்ள நின்னு பேசினவங்க. வெளியே உட்கார்ந்த மூணு பேருக்கும் ஒண்ணும் இல்ல. கப்தான் காரணம்னா அவங்களுக்கும் வந்திருக்கணுமே?"

"சரிதான்," என்றார் வில்லன்.

"அப்ப உள்ள நின்ன ஆளுங்களைத்தான் பாக்கணும். பாப்பா பேசின படத்துல குடும்பக் காட்சிக்கு உள்ள நாலு பேர். மூணு பேருக்கு நோய். நாலாவது ஆள் எப்படித் தப்பிச்சார்னு யாருமே கேக்கலையே?"

ஒலிப்பதிவாளர் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அவர் தப்பிக்கல. அவருக்குத்தான் முதல்ல வந்துச்சு. வருஷத் தொடக்கத்துல இருமினார். மூணாவது மாசம் மாத்திரை ஆரம்பிச்சார். இந்த நோய்க்குத் தர்ற ஒரு மாத்திரை சிறுநீரை ஆரஞ்சாக்கும். ஆயாம்மா தேய்ச்சுக் கழுவினது அதைத்தான். அந்த ரெண்டு மாசமும் பதிவுல இருமல் அடங்கிப்போச்சு. உடம்பு தேறினதும் மாத்திரையை நிறுத்திட்டார். ஆரஞ்சும் நின்னுச்சு, இருமலும் திரும்பிடுச்சு. ஆறாவது மாசம் பாப்பா வந்தா." அவர் அண்ணனைப் பார்த்தார். "குமட்டும், வாய் இரும்பு மாதிரி இருக்கும்னு சொன்னீங்களே. அது மாத்திரை போட்டவருக்குத்தானே தெரியும்? உங்க எக்ஸ்ரேவை எடுத்துக் காட்டுங்க."

அண்ணன் மறுக்கவில்லை. "தெரிஞ்சா ஒரு பய என்னைக் கூப்பிட மாட்டான். குரலை விட்டா எனக்கு வேற என்ன தெரியும்? சரியாயிடுச்சுன்னு நினைச்சேன்."

"நோய் வந்தது குத்தமில்லங்க. அது யாருக்கும் வரும்," என்றார் ஜன்னல்காரர். "பாதியில விட்டா கிருமி மருந்துக்கே பழகிடும். இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அண்ணன் தங்கையின் பக்கம் திரும்பினார். "உன்கிட்டயாவது சொல்லியிருக்கணும்மா."

"சொல்லாததைக்கூடப் பொறுத்துக்குவேன், பயம்னு," என்றாள் அவள். குரல் உடையாமல் வந்தது அவளுக்கே ஆச்சரியம். "மாமா மாமான்னு மடியில உக்காந்தவளை இறக்கிவிடவாவது தோணலையாண்ணா? எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பின கைதானே அது? அதே கையை நீட்டி, இவங்கதான்னு காட்டினீங்களே. நீங்க காட்டினீங்கன்னு நானும் நம்பினேன். நீங்க எதைக் காட்டினாலும் நம்புவேன்னு உங்களுக்குத் தெரியும்."

அவர் தலை குனிந்தார். அவரை ஆஸ்பத்திரிக்கு மச்சினி கூட்டிப்போனாள், காரின் நாலு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு. தங்கை உடன் போகவில்லை.

ஆயாம்மாவிடம் அவள் மன்னிப்புக் கேட்டாள். சாவியைத் திரும்ப நீட்டினாள். ஆயாம்மா வாங்கவில்லை.

"என்கிட்ட கேட்டு என்ன ஆகப்போகுது? எனக்குத்தான் தெரியுமே நான் இல்லைன்னு. தெருவுல வந்து சொல்லுங்க. ஒவ்வொரு வீடா."

அன்று மாலையே ஆயாம்மாவோடு போனாள். முதல் வீட்டில், "இவங்களுக்கு எந்த நோயும் இல்ல, தப்பு எங்க மேலதான்" என்றாள். கேட்டவர்கள் சரி என்று தலையாட்டினார்கள். இரண்டாவது வீட்டிலும் அப்படியே. மூன்றாவது வீட்டுக்காரி கைக்குழந்தையோடு வாசலுக்கு வந்து முழுவதையும் கேட்டாள். பிறகு, "அப்ப யாருக்குத்தான் இருந்துச்சு?" என்றாள்.

யாரோ ஒருத்தருக்கு என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். நாக்கு நுனி வரை அதுதான் வந்தது. பக்கத்தில் ஆயாம்மா நின்றாள்.

"எங்க வீட்டுல இருந்துதான் வந்துச்சு," என்றாள் ஒலிப்பதிவாளர். "கூடப் பொறந்தவருக்கு. இப்ப என் பொண்ணுக்கும்."

வீட்டுக்காரி குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள். கதவு முக்கால்வாசி சாத்திக்கொண்டது. ஒலிப்பதிவாளர் அந்தக் கதவைப் பார்த்தபடி நின்றாள்.

"இப்படித்தாம்மா," என்றாள் ஆயாம்மா. அதில் கோபம் இல்லை, இரக்கமும் இல்லை. "வாங்க, இன்னும் பதினாலு வீடு இருக்கு."