பதினைந்தாவது குழாய்

சிவானி நாலாவது தரமும் எண்ணினாள். பதினைந்து.

பிளானில் இருப்பது பதினாலுதான். பிளானை வரைந்தவளே அவள். கம்பனி வேலை முடிந்த பிறகு இரவிரவாக உட்கார்ந்து, எந்த அறையில் எத்தனை பிளக், எந்தச் சுவரில் வைஃபை, எங்கே கமரா என்று ஒன்பது நிறத்தில் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் இலக்கம் கொடுத்து, மூன்று பிரதி எடுத்துக் கட்டுகிறவர்களிடம் கொடுத்திருந்தாள். ஒன்று காணாமற் போயிற்று. ஒன்றின் மேல் யாரோ பிளேன்டீக் கோப்பை வைத்த வட்டம் இருந்தது. மூன்றாவது, ஜன்னல் இடைவெளியில் மழை அடிக்காமல் செருகப்பட்டிருந்தது. வெள்ளவத்தையில் அப்பாவும் அம்மாவும் வாழ்ந்த பழைய வீட்டை இடித்து, அதே காணியில் மாடிவீடு கட்டத் தொடங்கிய நாளிலிருந்து அவள் எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுதித் தந்ததை ஒருதரம் வாசித்தால் என்ன குறைந்துபோகும்?

மாடிப்படிக்குக் கீழே, ஆள் குனிந்துதான் நிற்கக்கூடிய மூலையில், எல்லா அறைகளின் குழாய்களும் வந்து சேர்ந்தன. இன்டர்நெட் பெட்டி அங்கேதான் வரப்போகிறது. பதினாலு குழாய்களுக்குள்ளும் நீலக் கேபிள் இழுத்து, நுனிகளைச் சுருட்டிக் கட்டியாகிவிட்டது. பதினைந்தாவது உள்மூலையில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு, மற்றவற்றை விடத் தடிப்பாக நின்றது. இவ்வளவு நாளும் சீமெந்துப் பைகள் அதை மறைத்திருந்தன.

“சிறில் அண்ணை, இது எங்க போகுது?”

“நான் போட்டது பதினாலுதான் மிஸ்” என்றார் சிறில்.

சிறில் கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் எலெக்ட்ரீசியன். அறுபதைத் தொடப்போகும் வயது, கழுத்தில் அந்தோனியார் பதக்கம், போன கிழமை தகரம் கிழித்த ஆட்காட்டி விரலில் பிளாஸ்டருக்குப் பதிலாகச் சுற்றிய, வயர்களுக்கு ஒட்டும் சிவப்பு இன்சுலேஷன் ரேப். அவருடைய உதவியாள் கட்டாருக்குப் போய்விட்டதால், ஞாயிற்றுக்கிழமைகளில் சிவானியே மறுமுனையில் நின்றாள். முதல் நாளே அவர் சட்டம் சொல்லியிருந்தார். குழாய்க்குள்ளால் நான் விடும் கம்பியில் கேபிளைக் கட்டி முடித்தால் இரண்டு தரம் இழு, நான் இழுப்பேன். நிப்பாட்ட ஒரு தரம். என்ன அவசரம் வந்தாலும் கேபிளைக் கையில் சுற்றாதே.

“கம்பியை விட்டுப் பாப்பம்” என்றார் அவர். “நீங்க மேல போய், எங்க வெளிய வருது எண்டு பாருங்க.”

அவள் அறை அறையாக நடந்தாள். பூசாத சுவர்களில் ஈரச் சீமெந்து மணந்தது. கடற்கரை ரயில் ஒன்று போனபோது மாடித்தரை மெல்ல அதிர்ந்து அடங்கியது. எந்தக் குழாயிலும் கம்பியின் உரசல் கேட்கவில்லை.

“சரி மிஸ், இழுக்கிறன்!” என்று கீழே இருந்து சத்தம் வந்தது.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. படியிறங்கி வந்து, “என்னத்தை இழுக்கிறியள்? நான் ஒண்டும் கட்டேல்லை” என்றாள்.

“ரெண்டு தரம் இழுத்தீங்களே?”

“நான் கம்பியைக் காணவே இல்லை.”

சிறில் கையிலிருந்த உருக்குக் கம்பியைப் பார்த்தார். முழுநீளமும் குழாய்க்குள் போயிருந்தது. மெதுவாக வெளியே எடுத்தார். நுனி ஈரமாக இருந்தது. பாசியும் துருவும் கலந்த ஒரு மணம் எழுந்தது. சிவானிக்கு அந்த மணம் தெரியும். பத்து வயது வரை அவள் குளித்த கிணற்றுத் தண்ணீரின் மணம் அது.

வீடு கட்டும் கொன்றாக்டர் ஸவாஹிரை அவள் போனில் பிடித்தாள்.

“படிக்குக் கீழ மூடினோமே, அந்தக் கெணத்துக் கொழாய் மிஸ்” என்றார் அவர், ஏற்கெனவே அலுத்த குரலில். “கெணத்த மூடினா மூச்சு விட ஒரு கொழாய் வெக்கணும். நீங்க வேணாம்னு சொன்னீங்க. மேசன் பாஸ்மார் வேல செய்ய ஏலாதுன்னு நின்னுட்டாங்க. அதான் வெச்சோம்.”

“எனக்குச் சொல்லாமலா?”

“சொன்னா நீங்க கத்துவீங்களே மிஸ்.”

அவள் கத்தினாள். இடித்த வீட்டின் கல்லும் ஓடும் போட்டு விளிம்பு வரை நிரப்பியதாகச் சொன்னீர்களே, நிரப்பிய கிணற்றுக்குள் தண்ணீர் எப்படி வந்தது, உள்ளே பொந்து இருந்தால் படியே இறங்கிவிடாதா என்று மூச்சு விடாமல் கேட்டாள். வியாழக்கிழமை வந்து பார்ப்பதாக அவர் சொன்னார். வியாழக்கிழமை. அவருக்கு எல்லாமே வியாழக்கிழமைதான்.

“எவ்வளவு ஆழம் எண்டு எனக்கு இப்பவே தெரியோணும்” என்றாள் சிவானி. கேபிளின் தோலில் ஒவ்வொரு மீற்றருக்கும் ஓர் இலக்கம் அச்சடித்திருக்கும். பெட்டியில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று அது சொல்லும். அளப்பதற்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

சிறில் தயங்கினார். “மூச்சு விட வச்ச குழாய் மிஸ். அதுக்குள்ள ஒண்டும் விடாம இருந்தா நல்லம்.”

“நீங்களுமா அண்ணை?”

அவர் கேபிளை எடுத்தார். நுனியில் ஒரு இரும்பு நட்டைக் கட்டி உள்ளே விட்டார். பெட்டியில் இருநூற்று அறுபது மிச்சம். கிணறு முப்பதடி, அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறாள். ஒன்பது மீற்றரில் நட் தரை தட்ட வேண்டும். இருநூற்று ஐம்பது என்ற இலக்கம் உள்ளே போயிற்று. இருநூற்று நாற்பது போயிற்று. எங்கேயும் தட்டவில்லை. இருநூற்று இருபத்தொன்பதில் சிறில் கையை இறுக்கிக்கொண்டார்.

“இதுக்கு மேல விடமாட்டன் மிஸ்.”

“அப்பிடியே விடுங்கோ. ஸவாஹிர் வந்து தன்ர கண்ணால பாக்கட்டும்.”

சிறில் கேபிளைக் குழாய் வாயோடு சேர்த்துச் சிவப்பு ரேப்பால் நாலு சுற்றுச் சுற்றினார். பிறகு மற்றப் பதினாலு கேபிளையும் சோதித்தார். அவருடைய டெஸ்டர் இரண்டு பாதி. ஒரு பாதியை ஒரு நுனியில் கொழுவி, மற்றதை மறுமுனையில் கொழுவினால், ஒன்று முதல் எட்டு வரை பச்சை விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். மறுமுனை வெறுமையாக இருந்தால் ஒன்றும் ஓடாது. வேலை முடிந்ததும் அந்தச் சின்னப் பாதியை வழக்கம்போலச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் பஸ் ஏறினார்.

புதன்கிழமை பின்னேரம் கம்பனியிலிருந்து வரும் வழியில் சிவானி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். படிக்குக் கீழே கேபிள் பெட்டி ஓரடி நகர்ந்திருந்தது. காலால் தள்ளினாள், இலேசாகப் போயிற்று. குழாய் வாயில் ரேப் இல்லை. அங்கே தெரிந்த இலக்கம் நூற்று ஐம்பத்தெட்டு.

எழுபத்தொரு மீற்றர்.

ஒரு மனிதனையாவது நம்பலாம் என்று நினைத்திருந்தாளே. நடுவில் வெட்டி எடுத்துவிட்டு, மிச்ச நுனியைக் குழாய்க்குள் சொருகிவிட்டால் யாருக்குத் தெரியும்? மருதானையில் எந்தக் கடையும் வாங்கும். சாவி இருப்பது அவளிடமும் சிறிலிடமும்தான். அவரை அங்கேயே வரவழைத்தாள். அவர் வந்து, பார்த்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“உள்ளுக்குப் போயிருக்கு மிஸ்.”

“தானா நடந்து போனதோ?”

“இழுத்துப் பாப்பம். நான் கட்டின நட் நுனியில இருக்கும். இருந்தா, நான் வெட்டேல்ல.”

“எனக்கு இந்த விளையாட்டுக்கெல்லாம் நேரமில்லை அண்ணை. நாளைக்குப் பூச வருகினம்.”

“அப்ப என்னைக் கள்ளன் எண்டுறீங்க?”

இல்லை என்று சொல்ல ஒரு விநாடி போதும். அந்த விநாடியை அவள் விட்டுவிட்டாள்.

“முப்பத்தெட்டு வருசம் மிஸ்” என்றார் சிறில். “எத்தினை வீட்டுத் திறப்பு என்ர பையில இருந்திருக்கும்.” சாவியைச் சீமெந்துப் பையின் மேல் வைத்துவிட்டுப் போனார். வியாழக்கிழமை பூசுகிறவர்களும் வரவில்லை, ஸவாஹிரும் வரவில்லை.

சனிக்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை. வேலையாட்கள் இல்லை. தன் வாடகை ஃபிளாட்டில் பழைய உடுப்புகளைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்த சிவானி, மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் போனைப் பார்த்தாள். சிறிலிடமிருந்து ஒரு குரற்செய்தி. அனுப்பியது பத்து நாற்பதுக்கு.

“மிஸ், குறை நினைக்காதீங்க. பின்வாசலை அடைச்ச பலகையைக் கழட்டி உள்ளுக்கு வந்தனான். மனசு கேக்கேல்ல. பெட்டியில இருக்கிற நுனியில பிளக் அடிச்சு டெஸ்டரைக் கொழுவிட்டன். மற்ற நுனியை வெளிய இழுத்து, மற்றப் பாதியைக் கொழுவி, எட்டு லைட்டும் ஓடுறதை வீடியோ எடுத்து அனுப்புறன். வெட்டின கேபிள்ல லைட் ஓடாது.” கேபிள் குழாயில் உரசும் சத்தம். ஒரு நிறுத்தம். “மிஸ்? நீங்களா அது? ரெண்டு தரம் இழுத்தீங்க.” இன்னொரு நிறுத்தம். அவர் குரலில் ஒரு சந்தோஷம் வந்தது. “வந்திட்டீங்களா. சரி மிஸ். இழுக்கிறன்.”

அவ்வளவுதான். திருப்பி அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பின்வாசலில் அவருடைய செருப்பு, இரண்டும் ஒழுங்காக, ஓரமாக. உள்ளே சீமெந்துப் பையின் மேல் அவருடைய போன். பக்கத்தில் வேலைக் கருவிப் பை, திறந்தபடி. கடற்காற்று ஜன்னல் ஓட்டைகளால் நுழைந்து, செருகியிருந்த பிளானைப் படபடக்க வைத்தது. வெளியே நல்ல வெயில். படிக்குக் கீழே மட்டும் வெளிச்சம் போகவில்லை. அங்கே, தரையில், பச்சையாக ஏதோ மினுங்கிக்கொண்டிருந்தது.

“சிறில் அண்ணை?”

மேலே போய்ப் பார்த்தாள். மொட்டைமாடி வரை பார்த்தாள். பின்வளவில், மதிலோரத்தில், தெருவில் பார்த்தாள். படிக்குக் கீழே தரை எங்காவது உடைந்திருக்கிறதா என்று காலால் மிதித்து மிதித்துப் பார்த்தாள். முழுச் சீமெந்து. கீறல்கூட இல்லை.

பிறகுதான் டெஸ்டரைப் பார்த்தாள்.

விளக்குகள் ஓடின. ஒன்று. இரண்டு. மூன்று. எட்டு வரை. மறுபடி ஒன்று.

மற்றப் பாதி மறுமுனையில் கொழுவியிருந்தால்தான் ஓடும். மற்றப் பாதி அவருடைய சட்டைப் பையில் இருந்தது.

கேபிள் பெட்டி வெறுமையாய்க் கவிழ்ந்து கிடந்தது. டெஸ்டருக்கும் குழாய்க்கும் இடையில் தரையில் கிடந்த கேபிள்தான் மிச்சம். குழாய் வாயில் இலக்கம் நாலு.

அவள் முழந்தாளிட்டாள். குழாய்க்குள்ளிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. நின்றது. மறுபடி பட்டது. அதே பாசி மணம். அவளுக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. ஓட முடியவில்லை, ஏனென்றால் கள்ளன் என்று சொல்லாமல் சொன்னது அவள், அவர் இங்கே வந்தது அதற்காக.

“அண்ணை, நீங்களா?”

கேபிள் அசைந்தது. இரண்டு தரம்.

கட்டியாச்சு. இழுங்க.

எப்படி என்று அவள் யோசிக்கவில்லை. யோசித்தால் கை ஓடாது. இழுத்தாள். ஈரம். வழுக்கியது. பிடி நிற்கவில்லை. கேபிளை வலது மணிக்கட்டில் ஒரு சுற்று, இன்னொரு சுற்றுச் சுற்றி, முழந்தாளில் பின்னால் நகர்ந்து நகர்ந்து இழுத்தாள். பாரமாக, ஆனால் வந்தது. ஐந்து. ஆறு. “வாங்கோ அண்ணை, வாங்கோ” என்று அழுதாள். ஒன்பது. பத்து. பன்னிரண்டு.

நின்றது.

மூச்சு வாங்கினாள். நிப்பாட்ட ஒரு தரம். அவள் ஒரு தரம் இழுத்தாள்.

கேபிள் கொஞ்சம் இறுகியது.

பிறகு கேபிள் திரும்பிப் போகத் தொடங்கியது. பதினொன்று. பத்து. சுற்றைக் கழற்றப் பார்த்தாள். இறுகிவிட்டது. எட்டு. முழங்கால்கள் ஈரத்தில் சறுக்கின. இடது கையால் குழாயைத் தள்ளினாள். ஆறு. தோள் சுவரில் மோதியது. ஐந்து.

உள்ளங்கை குழாயின் விளிம்பில் முட்டி நின்றது. விரல்கள் உள்ளே போய்விட்டன. விரல் மொளி வரை. அதற்கு மேல் போக இடமில்லை.

சத்தமில்லை. காற்றும் நின்றுவிட்டது.

தரையில் பச்சை விளக்குகள் ஓடின. ஒன்று. இரண்டு. மூன்று.

குழாய்க்குள், குளிர்ந்த விரல்கள் வந்து அவளுடைய விரல்களைத் தொட்டன. தடவின. ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டன. அவற்றில் ஒன்றில் ரேப் சுற்றியிருந்தது.

அவை இரண்டு தரம் இழுத்தன.