போர்க்காவும் செம்புக் கம்பியும்

போர்க்காவின் கைகளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பொத்தானைத் திருகும், பேனா மூடியைப் பிடுங்கும். அன்று அறிவியல் அறையில் பக்கத்து மேசையில் இருந்த எதையோ எடுத்து வளைத்தன. வளைந்த பிறகுதான் அது என்னவென்று பார்த்தாள்.

வில்மோஷின் செம்புக் கம்பி.

அவசரமாக நிமிர்த்தப் பார்த்தாள். முழங்காலில் வைத்து அழுத்தினாள், மேசை விளிம்பில் மாட்டி இழுத்தாள். கம்பி அசைந்து கொடுக்கவில்லை.

வகுப்பிலேயே ஒல்லி வில்மோஷ்தான். தடியன் கெர்கோ அவனை "நூடுல்ஸ்" என்றுதான் கூப்பிடுவான். இன்று ஒவ்வொருவரும் ஒரு சோதனை செய்து காட்ட வேண்டும். எல்லார் முன்னாலும் வில்மோஷ் கம்பியைச் சுலபமாக வளைப்பான்; கெர்கோவால் அதை நிமிர்த்த முடியாமல் போகும் என்பது அவன் திட்டம். ஒரு மாதமாக இதற்காகவே காத்திருந்தான். அடுத்தது அவன் முறை.

கம்பியை ஒளித்துவிடலாமா? ஆனால் காலையில் பயத்தில் சாப்பாடு இறங்காமல் தன் சீஸ் பன்னைப் பாதி பிட்டு அவளுக்குக் கொடுத்தவன் அவன்.

"வில்மோஷ், நான்தான்டா வளைச்சுட்டேன். வேணும்னு செய்யல."

அவன் முகம் செத்துப்போனது. "ஒரு தடவதான் சுலபமா வளையும். இப்ப இறுகிருச்சு."

"ஏன் இறுகுது?"

"உள்ள அணுக்கள் வரிசையா நிக்கும். அங்கங்க வரிசை பிசகியிருக்கும். அந்தப் பிசகு நகர்ந்து ஓடுறதாலதான் கம்பி வளையுது. வளைக்க வளைக்கப் பிசகு நிறைய ஆகி, ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும். அப்புறம் நகராது."

"மணி அடிச்சதும் வாசல்ல நாம சிக்கிக்கிற மாதிரி. சிக்கு எப்படிப் போகும்?"

"நல்லாச் சூடு பண்ணணும். ஆனா என் முறை வந்திருச்சு, இப்ப நேரமில்ல."

"அப்ப தலைகீழாச் செய்யேன். முதல்ல கெர்கோவக் கூப்பிடு, சூடு அப்புறம்."

கெர்கோ கம்பியை நிமிர்த்த வந்தான். இழுத்தான், முக்கினான், காது வரை சிவந்தான்.

"இது கம்பியா, கடப்பாரையா?" என்று கடைசியில் கீழே வைத்தான்.

வில்மோஷ் கேட்டுக்கொண்டதும் இல்கா டீச்சர் கம்பியைக் குறட்டால் பிடித்து, வளைந்த இடத்தை அடுப்புச் சுடரில் சிவக்கக் காய்ச்சினார். தண்ணீரில் முக்கி ஆறவைத்து வில்மோஷிடம் கொடுத்தார். அவன் இரண்டு கையாலும் மெல்ல இழுத்தான். கம்பி நிமிர்ந்தது.

வகுப்பே கைதட்டியது. கெர்கோதான் எல்லாருக்கும் மேல் சத்தமாகத் தட்டினான். "நூடுல்ஸ், எனக்கும் சொல்லிக் குடுடா."

"பேரச் சொல்லிக் கேளு, சொல்லித் தரேன்."

"சரி, வில்மோஷ்."

"முதல்ல அதை இறுக வச்சது யாரு?" என்றார் டீச்சர்.

வில்மோஷ் வாயைத் திறப்பதற்குள் போர்க்காவின் கை தானாக மேலே போயிருந்தது.




"போர்க்காதான் என் உதவியாளர், டீச்சர்" என்றான் வில்மோஷ்.